ஒரு மோட்டார், இரண்டு ட்ரைவ்: மாற்று ட்ரைவும் கைவிட்டால் எங்கே பார்ப்பது

கோவை பக்கம் ஸ்பின்னிங் மில்களில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஹாலுக்கு ஈரக்காற்று அனுப்பும் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்டின் சப்ளை ஃபேன் நின்றால் என்ன ஆகும் என்று மில்லில் வேலை பார்க்கிற யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ரிங் ஸ்பின்னிங் ஹாலில் ஈரப்பதம் 55-60 சதவீதத்தை விட்டு இறங்கினாலே நூல் அறுபடுவது கூடும், ரோலரில் பஞ்சு சுற்றும், போன் வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் முக்கியமான ஃபேனுக்கு ஒரே மோட்டாருக்கு ஏ, பி என்று இரண்டு வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரைவ்) வைத்து, ஒவ்வொன்றின் அவுட்புட்டிலும் ஒரு காண்டாக்டர் (காயில் இழுத்து மூடும் பெரிய ஸ்விட்ச்) போட்டு, ஒன்று ட்ரிப் ஆனால் மற்றது தானாக எடுத்துக்கொள்ளும்படி பேனல் கட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் "இரண்டு ட்ரைவ் இருந்தும் ஏன் நின்றது" என்ற கேள்விக்கு நான் இதுவரை எத்தனையோ இரவுகள் பதில் தேடியிருக்கிறேன், அதில் கிடைத்ததை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். நான் சொல்கிற அளவுகள் 415 வோல்ட் சப்ளை, 37 கிலோவாட் இண்டக்‌ஷன் மோட்டார், சுமார் 65 ஆம்பியர் ஃபுல் லோடு என்ற கணக்கில்.

ஒரு விஷயம் முதலில். மோட்டாருக்கே இரண்டு தனி வைண்டிங் இருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்வெர்ட்டர் என்ற வகையும் உண்டு, காரின் எலக்ட்ரிக் ஸ்டீயரிங்கில் வருவது போல. அதில் ஒரு பக்கம் போனால் மறுபக்கம் பாதி டார்க்கோடு ஓட்டும். இங்கே நான் பேசுவது அது இல்லை, ஒரே வைண்டிங்கை இரண்டு ட்ரைவ் மாறி மாறி ஓட்டுகிற பேனல்.

பேனலைத் திறக்கும் முன்

ஏ ட்ரைவை ஐசொலேட்டரில் அணைத்துவிட்டு பி-யில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏ-யில் கை வைப்பவர்கள் நிறைய. ஏ-யின் இன்புட் செத்திருக்கும், சரி, ஆனால் ஏ காண்டாக்டரின் மோட்டார் பக்க டெர்மினலில் பி ட்ரைவின் வோல்டேஜ் முழுசாக இருக்கும். இதை டெஸ்ட் லாம்ப் வைத்துக்கூட பலர் பார்ப்பதில்லை. ஏ ட்ரைவை வெளியே எடுக்கிற வேலை என்றால் ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், அல்லது அந்தக் காண்டாக்டருக்கும் மோட்டாருக்கும் நடுவில் பூட்டுப் போடக்கூடிய ஐசொலேட்டர் வையுங்கள்.

சப்ளையை அணைத்த பிறகு ட்ரைவின் மேல் எழுதியிருக்கிற நேரம், பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடம், காத்திருங்கள். அப்புறம் ட்ரைவுக்குள் கெபாசிட்டர் இருக்கும் டிசி பஸ்ஸின் டிசி பிளஸ், டிசி மைனஸ் டெர்மினலில் மீட்டர் வைத்து 50 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பாருங்கள். டிஸ்பிளே அணைந்துவிட்டது என்பதை நம்பி யாரும் உள்ளே விரல் விடக் கூடாது.

## ஏ ட்ரிப் ஆனது, பி எடுத்தது, அதுவும் உடனே ட்ரிப்

இதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், நஷ்டமும் இதில்தான் அதிகம். ஒரு மில்லில் நள்ளிரவில் ஏ ட்ரைவ் எர்த் ஃபால்ட்டில் ட்ரிப் ஆனது. பேனல் தன் வேலையைச் சரியாகச் செய்து பி-க்கு மாற்றியது, பி-யும் ட்ரிப் ஆனது, ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன் ரீசெட் செய்து மறுபடி ஓட்டினார், மூன்றாவது ரீசெட்டில் பி-யின் ஐஜிபிடி (மோட்டாருக்குக் கரண்ட்டை வெட்டி வெட்டி அனுப்பும் பவர் டிரான்சிஸ்டர்) வெடித்தது. நான் போய்ப் பார்த்தபோது மோட்டார் டெர்மினல் பாக்ஸில் தண்ணீர். காற்றில் தண்ணீர் தெளிக்கும் ஏர் வாஷர் பக்கத்து ஈரக்காற்றில் நிற்கும் மோட்டார், கேபிள் நுழையும் இடத்து கிளாண்ட் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான் காரணம். இரண்டாவது ட்ரைவ் என்பது முதல் ட்ரைவ் கெட்டால் உதவும். மோட்டாரோ கேபிளோ கெட்டால் அது உதவாது, அதுவும் சேர்ந்து போகும்.

அதனால் இரண்டும் ட்ரிப் என்றால் ரீசெட் பட்டனை விட்டுவிட்டு இரண்டு டிஸ்பிளேயிலும் இருக்கும் ஃபால்ட் கோடைப் படியுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

### இரண்டிலும் எர்த் ஃபால்ட் அல்லது ஷார்ட் சர்க்யூட்

மோட்டார் பக்கம்தான் முதலில். காண்டாக்டரில் இருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று வயரையும் கழற்றுங்கள். "காண்டாக்டர் ஓப்பன்தானே, அப்படியே மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) செய்யலாமே" என்று கேட்பார்கள். காண்டாக்ட் ஒட்டியிருந்தால் மெக்கரின் 500 வோல்ட் நேராக ட்ரைவுக்குள் போகும், அதனால் கழற்றித்தான் செய்ய வேண்டும்.

500 வோல்ட் மெக்கரில் கேபிளும் மோட்டாரும் சேர்ந்து எர்த்துக்கு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 5 மெகாஓமுக்கு மேல் இருந்தால் இன்சுலேஷன் பரவாயில்லை. அதற்குக் கீழே என்றால் மோட்டார் டெர்மினல் பாக்ஸைத் திறந்து கேபிளைப் பிரித்து இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். நான் பார்த்த வரை செலவில்லாத காரணங்கள்தான் முதலில் வரும்: பாக்ஸில் ஈரம், பஞ்சுத் தூசி ஈரத்தோடு சேர்ந்து டெர்மினல் போர்டில் படிந்து கருகியது, லக் தளர்ந்து பாக்ஸ் மூடியில் உரசியது. துடைத்து, உலர்த்தி, ஒரு பழைய குண்டு பல்பை உள்ளே எரியவிட்டு சில மணி நேரம் கழித்து மறுபடி மெக்கர் செய்தால் பல தடவை ஏறிவிடும். ஏறிய பிறகு கிளாண்டையும் காஸ்கெட்டையும் மாற்றாமல் மூடினால் அடுத்த மழைக்குள் திரும்பவும் அதே கதை.

அடுத்து கேபிள். ட்ரேயில் கூர்மையான விளிம்பில் உரசிய இடம், ஃபேன் பேஸ் அதிர்வில் தேயும் கடைசி ஒரு மீட்டர், இரண்டையும் கண்ணால் பாருங்கள்.

மெக்கர் நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஓவர்கரண்ட்டில் ட்ரிப் ஆகிறது என்றால், மோட்டார் நல்லது என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஒரே ஃபேஸுக்குள் சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆனால் மெக்கருக்கு அது தெரியவே தெரியாது. சாதா மல்டிமீட்டரில் இந்த அளவு மோட்டாரின் வைண்டிங் ஓம் எடுத்தாலும் பயனில்லை, மதிப்பு அவ்வளவு குறைவு. இந்த இடத்தில் ரீவைண்டிங் கடைக்கு அனுப்பி சர்ஜ் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், அல்லது மைக்ரோ ஓம் மீட்டர் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.

### மோட்டாரைக் கழற்றிய பிறகும் ட்ரிப்

மோட்டார் வயர் கழற்றிய நிலையில், கீழே சொல்லியிருக்கும் டயோடு டெஸ்டில் ட்ரைவ் தேறினால் மட்டும், வி/எஃப் மோடில் (வோல்டேஜும் ஃப்ரீக்வென்சியும் ஒரே விகிதத்தில் ஏறும் சாதாரண மோடு) 5 ஹெர்ட்ஸ் வைத்து ஓட்டிப் பாருங்கள். அவுட்புட் ஃபேஸ் லாஸ் என்று கத்தினால் அது மோட்டார் இல்லாததால், பயப்பட வேண்டாம், அந்த எச்சரிக்கையைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு ஓட்டுங்கள், பிறகு மறக்காமல் திரும்ப ஆன் செய்யுங்கள். மோட்டார் இல்லாமலே எர்த் ஃபால்ட்டோ ஷார்ட் சர்க்யூட்டோ வந்தால் பழுது ட்ரைவுக்குள் இருக்கிறது, கரண்ட் சென்சாரோ ஐஜிபிடியோ. அதற்கு மேல் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, சர்வீஸ் ஆளுக்குச் சொல்லுங்கள்.

### லாஜிக்கை மாற்றுங்கள்

இது பழுது பார்ப்பது இல்லைதான், ஆனால் இதைச் செய்யாமல் மேலே உள்ளதெல்லாம் வீண். பெரும்பாலான பேனலில் ட்ரைவின் ஒரே ஃபால்ட் ரிலேயை வைத்து சேஞ்ச் ஓவர் செய்திருப்பார்கள், எந்த ஃபால்ட் வந்தாலும் மாறும். நான் கட்டும் பேனலில் மோட்பஸ் என்ற தகவல் இணைப்பு வழியாக ஃபால்ட் கோடை பி.எல்.சி.க்கு (பேனலின் கண்ட்ரோல் கம்ப்யூட்டருக்கு) எடுத்து, ஹீட்சிங்க் சூடு, கூலிங் ஃபேன், உள் ஹார்ட்வேர் பழுது, அந்த ஒரு ட்ரைவில் மட்டும் வந்த அண்டர்வோல்டேஜ், சோதனைக்காக நாமே கொடுக்கும் எக்ஸ்டர்னல் ஃபால்ட் இவற்றுக்கு மட்டுமே தானாக மாறவிடுகிறேன். எர்த் ஃபால்ட், ஷார்ட் சர்க்யூட், ஓவர்கரண்ட், மோட்டார் ஓவர்லோடு, மோட்டார் தெர்மிஸ்டர் இவற்றுக்கு மாறாது, அலாரம் மட்டும் அடிக்கும். இதில் ஒரு குறை உண்டு. ஏ-யின் ஐஜிபிடி ஷார்ட் ஆனாலும் அதே ஷார்ட் சர்க்யூட் கோடுதான் வரும், அப்போதும் மாறாது, ஆள் வந்து மெக்கர் செய்து கையால் மாற்ற வேண்டும், கால் மணி நேரம் போகும். அந்தக் கால் மணி நேரத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஏனென்றால் ஒரே இரவில் இரண்டு ட்ரைவையும் இழந்து ஃபேன் இல்லாமல் நாட்கணக்கில் நிற்பதைப் பார்த்துவிட்டேன்.

## இரண்டும் ஒரே நேரத்தில் அணைந்தன

ஒன்றன் பின் ஒன்றாக அல்ல, ஒரே நொடியில் என்றால் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று. கரண்ட் ஒரு கணம் மின்னி வந்ததா என்று முதலில் கேளுங்கள், பக்கத்து மெஷின்களும் நின்றிருந்தால் இன்கமரில்தான் விஷயம். டிசி பஸ் வோல்டேஜ் 560 முதல் 590 வோல்ட் வரை இருக்க வேண்டும், அடிக்கடி 500-க்குக் கீழே இறங்குகிறதா என்று ட்ரைவின் ஃபால்ட் ஹிஸ்டரியில் பாருங்கள்.

சப்ளை சரி என்றால் கண்ட்ரோல் சர்க்யூட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளை. இரண்டு ட்ரைவுக்கும் ஒரே ஒரு எஸ்.எம்.பி.எஸ். வைத்துவிட்டு ரிடண்டன்சி என்று சொல்வதை எத்தனை பேனலில் பார்த்திருக்கிறேன் என்று எண்ணவில்லை. அதைத் தாண்டி எமர்ஜென்சி ஸ்டாப் லூப்பில் தளர்ந்த வயர், கண்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் ஃபியூஸ்.

இன்னொன்று, இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது. சென்சாரின் 4-20 மில்லியாம்பியர் சிக்னலை ஏ வழியாகப் போய் பி வழியாகத் திரும்பும்படி சீரீஸில் இணைத்திருந்தார்கள். ஏ-யைப் பழுதுக்குக் கழற்றி அனுப்பினோம், லூப் அறுந்தது, பி ரெஃபரன்ஸ் (எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்ற சிக்னல்) இல்லை என்று ட்ரிப் ஆனது. பி-யில் ஒரு பழுதும் இல்லை. சிக்னல் ஸ்பிளிட்டர் போட்டு இரண்டுக்கும் தனித்தனி லூப் கொடுத்ததோடு தீர்ந்தது.

## மாறியதும் ஓவர்கரண்ட் அல்லது ஓவர்வோல்டேஜ், கொஞ்ச நேரம் கழித்து ஓட்டினால் ஓடுகிறது

"கொஞ்ச நேரம் கழித்து ஓடுகிறது" என்பதுதான் துப்பு. ஃபேன் கனமானது, ஏ விட்ட பிறகும் வெகுநேரம் சுழலும். சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரை பி பூஜ்யத்தில் இருந்து ஓட்ட முயன்றால் கரண்ட்டோ டிசி பஸ்ஸோ எகிறும், பஸ் சுமார் 800 வோல்ட்டைத் தொட்டால் ட்ரிப்.

எளிதானது: பி-யில் ஃப்ளையிங் ஸ்டார்ட் (சுழலும் மோட்டாரின் வேகத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏ-யில் ஆன், பி-யில் ஆஃப் என்பது மிகவும் சகஜம், ஏனென்றால் பி-யை யாரோ மாற்றிப் புதிது போட்டபோது பாராமீட்டரை காப்பி செய்யவில்லை. பக்கத்து ஃபேனின் காற்றில் இந்த ஃபேன் எதிர்த்திசையில் சுற்றக்கூடும் என்றால் இரண்டு திசையிலும் தேடும் ஆப்ஷனை எடுங்கள்.

அடுத்து டைமர். ஏ ட்ரிப் ஆன பிறகு மோட்டாருக்குள் மிச்சமிருக்கும் வோல்டேஜ் வடிய 2 வினாடியாவது விட வேண்டும். வரிசை இப்படித்தான்: ஏ கோஸ்ட் ஸ்டாப் (பிரேக் போடாமல் அவுட்புட்டை விடுவது), ஏ காண்டாக்டர் ஓப்பன், இடைவெளி, பி காண்டாக்டர் க்ளோஸ், அதன் பிறகே பி-க்கு ரன் கட்டளை. ட்ரைவ் ஓடும்போது காண்டாக்டர் மூடினால் ஓவர்கரண்ட், ஓடும்போது திறந்தால் காண்டாக்ட் கருகும்.

இவை சரியாக இருந்தும் பி க்ளோஸ் ஆன நொடியில் ட்ரிப், அதுவும் "கொஞ்ச நேரம் கழித்தும்" ட்ரிப் என்றால், ஏ காண்டாக்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். அப்படி ஒட்டியிருந்தால் பி-யின் அவுட்புட் ஏ-யின் அவுட்புட்டுக்குள் போய், அதன் டயோடுகள் வழியாக ஏ-யின் கெபாசிட்டரை சார்ஜ் செய்யப் பார்க்கும். இன்புட் பக்கம் கெபாசிட்டர் சார்ஜ் ஆகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் சாஃப்ட் சார்ஜ் ரெசிஸ்டர் இந்தப் பாதையில் கிடையாது, அதனால் கரண்ட் பாய்ச்சல் கடுமையாக இருக்கும், இரண்டு ட்ரைவும் போகலாம். சப்ளை முழுவதும் அணைத்து, காயிலுக்குக் கரண்ட் இல்லாத நிலையில் ஒவ்வொரு போலிலும் கண்டினியூட்டி பாருங்கள். ஒரு போல் ஒட்டியிருந்தாலும் காண்டாக்டரை மாற்றுங்கள், அரம் வைத்துத் தேய்த்து மீண்டும் போடாதீர்கள். புதிது வாங்கும்போது மிரர் காண்டாக்ட் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்: மெயின் காண்டாக்ட் ஒட்டியிருந்தால் அதன் துணை என்.சி. காண்டாக்ட் (காண்டாக்டர் விட்ட நிலையில் மூடியிருக்க வேண்டியது) மூடவே மூடாது, இண்டர்லாக் பொய் சொல்லாது. இரண்டு காண்டாக்டருக்கும் நடுவில் மெக்கானிக்கல் இண்டர்லாக்கும் வேண்டும்.

## ஒரு ட்ரைவில் மட்டும் மோட்டார் உறுமுகிறது, சூடாகிறது

ஏ-யில் அமைதியாக ஓடும் அதே மோட்டார் பி-யில் உறுமினால், நல்ல செய்தி, மோட்டார் பிழைத்தது. இரண்டு ட்ரைவ் வைத்திருப்பதில் எனக்குப் பிடித்த வசதி இதுதான், பழுது எந்தப் பக்கம் என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முதலில் பி காண்டாக்டரின் லக், ஸ்க்ரூ. ஒரு ஃபேஸ் தளர்ந்திருந்தால் டாங் டெஸ்டரில் (வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட் அளக்கும் மீட்டர்) அந்த ஃபேஸ் கரண்ட் மட்டும் குறைவாகக் காட்டும், காண்டாக்டர் அந்தப் பக்கம் நிறம் மாறியிருக்கும்.

அங்கே சரி என்றால், 20 ஹெர்ட்ஸில் ஓடவிட்டு ட்ரைவ் டெர்மினலில் மூன்று ஃபேஸுக்கும் நடுவில் வோல்டேஜ் பாருங்கள், 1000 வோல்ட் ரேட்டிங் உள்ள மீட்டர், லீடு, கையுறையோடு. சாதா மீட்டர் இந்த வெட்டு வெட்டாக வரும் வோல்டேஜில் காட்டும் எண் துல்லியமாக இருக்காது, பரவாயில்லை, மூன்றும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அப்புறம் அதே இடத்தில் மீட்டரை டிசி-க்கு மாற்றுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டும். பத்து, இருபது வோல்ட் என்று நிலையாக டிசி காட்டினால் ஒரு ஐஜிபிடி ஆன் ஆகவே இல்லை, அல்லது அதற்கு கேட் சிக்னல் போகவில்லை. அந்த ட்ரைவை அத்தோடு நிறுத்துங்கள், "கொஞ்சம் உறுமினாலும் ஓடுகிறதே" என்று ஷிஃப்ட் முடியும் வரை ஓட்டினால் வைண்டிங் எரியும்.

டயோடு டெஸ்ட்: சப்ளை அணைத்து, கெபாசிட்டர் வடிந்ததைப் பார்த்து, மோட்டார் வயர், இன்புட் வயர் இரண்டும் கழற்றி, மீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். சிவப்பு லீடு டிசி மைனஸில், கறுப்பு லீடு அவுட்புட் டெர்மினல்களான யூ, வி, டபிள்யூ ஒவ்வொன்றிலும்: 0.3 முதல் 0.5 வோல்ட் வரை காட்ட வேண்டும், மூன்றும் ஒரே மாதிரி. கறுப்பு டிசி பிளஸில், சிவப்பு அந்த மூன்றிலும்: அதேபோல். லீடை மாற்றினால் ஓப்பன் காட்ட வேண்டும். எங்காவது பூஜ்யம் என்றால் ஷார்ட், ஆனால் எல்லாம் சரியாகக் காட்டினாலும் ட்ரைவ் முழுதாக நல்லது என்று சொல்லிவிட முடியாது, கேட் டிரைவர் பழுதை இந்த டெஸ்ட் காட்டாது. ஐஜிபிடி மாற்றுவதும் கேட் போர்டு பார்ப்பதும் சர்வீஸ் சென்டர் வேலை, ஐஜிபிடியை மட்டும் மாற்றி கேட் போர்டைப் பார்க்காமல் ஆன் செய்தால் புதியதும் போகும்.

## பி ஓடுகிறது, காற்று வரவில்லை

ஃபேன் எதிர்த்திசை. பி காண்டாக்டரில் இரண்டு ஃபேஸ் மாறிப் போயிருக்கும், ட்ரைவ் மாற்றிய பிறகு வருவது இது. பி-யின் அவுட்புட் பக்கம் இரண்டு வயரை மாற்றுங்கள், மோட்டார் டெர்மினலில் மாற்றாதீர்கள், அங்கே மாற்றினால் ஏ தலைகீழாகும்.

## பி-யில் மட்டும் அடிக்கடி சூடு ட்ரிப்

மில் என்றால் பஞ்சுத் தூசிதான். ஹீட்சிங்க் இடுக்கில் மெத்தை மாதிரி படிந்திருக்கும். காற்றடிக்கும்போது ஈரமில்லாத காற்று, குறைந்த பிரஷர், கூலிங் ஃபேன் இறக்கையைக் கையால் பிடித்துக்கொண்டு. சுற்றவிட்டால் அது ஜெனரேட்டர் மாதிரி வோல்டேஜை போர்டுக்குள் அனுப்பும். சத்தம் போடும் கூலிங் ஃபேனை உடனே மாற்றுங்கள், அதன் விலையில் எத்தனை மடங்கு ட்ரைவின் விலை என்று பார்த்தால் யோசிக்கவே மாட்டீர்கள்.

## பல மாதம் தூங்கிய பி, கூப்பிட்டபோது எழவில்லை

ஒரு வருடத்துக்கு மேல் சப்ளையே இல்லாமல் கிடந்த ட்ரைவின் எலக்ட்ரோலைடிக் கெபாசிட்டர் தன் தாங்கும் திறனை இழந்திருக்கும். நேராக 415 வோல்ட் கொடுத்தால் வெடிக்கக்கூடும். வேரியாக் (வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் டிரான்ஸ்பார்மர்) வைத்து கால், அரை, முக்கால், முழு வோல்டேஜ் என்று ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் விட்டு ஏற்றுவது பொதுவான முறை, உங்கள் ட்ரைவின் மேனுவலில் அதற்கென்று ஒரு பக்கம் இருக்கும், அதில் சொன்னபடி செய்யுங்கள். வேரியாக் இல்லையென்றால் சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள், சப்ளை போட்டுப் பார்ப்போம் என்று மட்டும் போகாதீர்கள்.

இது வராமல் இருக்க பி-யின் இன்புட் சப்ளையை எப்போதும் ஆனில் வைத்து, திங்கள் காலை ஷிஃப்டில் ஏ-யில் இருந்து பி-க்கும் அடுத்த திங்கள் பி-யில் இருந்து ஏ-க்கும் மாற்றுங்கள். கையால் நிறுத்தி மாற்றுவதோடு, மாதம் ஒரு தடவை ஓடும்போதே ஏ-க்கு எக்ஸ்டர்னல் ஃபால்ட் கொடுத்து, தானாக மாறுகிறதா, எத்தனை வினாடி ஆகிறது, மூன்று ஃபேஸ் கரண்ட் என்ன என்று நோட்டில் எழுதி வையுங்கள். சர்வீஸ் இன்ஜினியர் வரும்போது அந்த நோட்டையும், ஃபால்ட் கோடு போட்டோவையும், மெக்கர் எண்களையும் கொடுத்தால் அவர் நேராக வேலைக்குள் இறங்கிவிடுவார்.